ஒத்தைப் பெட்டி

ரபியாவுக்குப் பொறாமை வந்தால் மூக்குதான் முதலில் வியர்க்கும். தேக்கா சந்தையில் ஐஸ் குவியலுக்கு நடுவே நின்றுகொண்டு ஒரு பொம்பளைக்கு மூக்கு வியர்க்கிறதென்றால் அது வெக்கையால் அல்ல என்று அவள் கணவர் அப்துல் கையூமுக்குத் தெரியும். "என்ன, லைவ் ஆரம்பிச்சிருச்சா?" என்று கேட்பார். பதிலுக்குக் காத்திருக்காமல் கொடுவாயின் செதிலைச் சுரண்டப் போய்விடுவார். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் எப்போது நகர்ந்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் மனிதர் நன்றாகக் கற்றிருந்தார்.

லைவ் என்றால் ஆஸ்மாவின் லைவ். கையூமின் தம்பி ஃபஹதின் மனைவி அவள். அண்ணன் தம்பி இருவரும் ஒரே கடையில்தான் நின்றார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த வாரம் ஃபஹத் தனியாகப் போய்விட்டான். பூன் லே பக்கம் தொழிற்பேட்டையில் ஒரு குளிர் அறையை வாடகைக்கு எடுத்தான். செவ்வாயும் சனியும் காலை பத்து மணிக்கு ஆஸ்மா போனுக்கு முன்னால் நின்று ஒவ்வொரு மீனாகத் தூக்கிக் காட்டுவாள். வேண்டியவர்கள் "ப்ளஸ் ஒன்" என்று தட்டினால் போதும், அன்றைக்கு மதியத்துக்குள் வேன் வீட்டு வாசலில் நிற்கும். மீன் வாங்குகிறவர் செருப்புகூட நனைக்க வேண்டாம்.

அதில் என்ன வயிற்றெரிச்சல் என்று கேட்பீர்கள். ஆஸ்மா கல்யாணமாகி வந்த புதிதில் வவ்வால் மீனைக் கையில் கொடுத்தால் தலை எது வால் எது என்று தேடியவள். இன்றைக்கு மூவாயிரம் பேர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் அந்தப் பச்சை துடோங்கைத் தலையில் கட்டிக்கொண்டு, முகத்துக்கு நேராக வட்ட விளக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, "ஹலோ ஹலோ, எல்லாரும் பசியாறிட்டீங்களா?" என்று கேட்பாள். ரபியாவின் கையில் இருபத்தாறு வருஷ முள் குத்திய தழும்பு இருந்தது. அதைப் பார்க்க மூன்று பேர் இல்லை.

வாடிக்கையும் போயிற்று. பாசிர் ரிஸ்ஸில் இருந்து சனிக்கிழமை தவறாமல் ரயிலேறி வருவாரே அண்ணாதுரை, அவர் போனதுதான் ரொம்பச் சுட்டது. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், எழுபத்தொரு வயது. கடைக்கு வந்ததும் மீன் விலையைக் கேட்கமாட்டார். "இதுவரைக்கும் நான் தின்னாதது ஏதாச்சும் வந்திருக்கா?" என்றுதான் கேட்பார். முட்டி வலி வந்ததும் அவரும் லைவுக்குப் போய்விட்டார். "வீட்டுக்கே வந்துருதும்மா" என்று போனில் சொன்னார். "நல்லதுதான் அண்ணே" என்று ரபியா சொன்னாள். அன்றைக்கெல்லாம் மூக்கைத் துடைத்துத் துடைத்துத் தோல் உரிந்தது.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாமல் போனது ஒத்தைப் பெட்டியால்தான்.

துறைமுகத்தில் ஏலம் முடிந்த பிறகு எதிலும் சேராத உருப்படிகள் மிஞ்சும். ஒரு கூடை பாறை மீனுக்குள் பேர் தெரியாத ஒன்று, இறால் வலையில் ஏறி வந்த ஏதோ ஒரு கொடுக்குப் பிராணி, ஆழ்கடலில் இருந்து கண் பிதுங்கி வந்த ஒன்று. ஜோடி இல்லாததால் எடை போடமாட்டார்கள். ஏலம் எடுத்துத் தரும் அஹமது கபீர் அவற்றையெல்லாம் ஒரே தெர்மோகோல் பெட்டியில் போட்டு வாரா வாரம் கையூம் கடைக்கு அனுப்பிவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரும் பார்க்கமாட்டார். பார்ப்பது ரபியா. பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றையும் புரட்டி, செவுளை விரித்து, வயிற்றை அமுக்கி, இது விற்பதற்கு, இது நமக்கு, இது குப்பைக்கு என்று பிரிப்பாள். வாரத்தில் அந்த அரைமணி நேரம் மட்டும் பக்கத்துக் கடை சீனர்கூடக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து எட்டிப்பார்ப்பார். ரபியா நிமிர்ந்து நிற்கிற அரைமணி நேரம் அது.

ஃபஹத் தனியாகப் போனதும் கையூம் அஹமது கபீரைக் கூப்பிட்டு, பெட்டியை இனிமேல் தம்பிக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். புதுசாக ஆரம்பிக்கிறான், லைவில் வித்தியாசமாக ஏதாவது காட்டினால் கூட்டம் வரும் என்று நினைத்தார். ரபியாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறு வாரம் அந்தப் பெட்டியைப் போனுக்குள்தான் அவள் பார்த்தாள், ஆஸ்மாவின் கையில்.

அன்றைக்குப் பிறந்தவள்தான் கமலா.

பேஸ்புக்கில் "கமலா பூன் லே" என்று ஒரு கணக்கு. படத்துக்கு ஒரு செம்பருத்திப் பூ. பூன் லேயில் இருக்கிறவள் என்று போட்டுக்கொண்டால் யாருக்கும் சந்தேகம் வராது என்று ரபியா நினைத்தாள். ஈரக்கை படாமல் போனை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் தராசின்மேல் சாய்த்து வைப்பாள். மீன் வெட்டுகிற நேரத்தில் பையின் மேலேயே கட்டைவிரலால் தட்டுவாள். "கண்ணு சோந்திருக்கு. நேத்து மீன்." "இறால் தலை கறுத்திருக்கு, பாத்து வாங்குங்க." "இது குரா இல்ல. குராவோட தம்பிகூட இல்ல."

ஆஸ்மா கோபித்துக்கொண்டிருந்தால் ரபியாவுக்குத் திருப்தியாக இருந்திருக்கும். அவளோ சிரித்தாள். "கமலா அக்கா வந்துட்டாங்க. அக்கா, பூன் லேதானே நீங்க, நடந்து வர்ற தூரம்லா, ஒருநாள் வாங்களேன்" என்று ஒவ்வொரு லைவிலும் கூப்பிட்டாள். சொன்ன இறாலை மட்டும் சத்தமில்லாமல் எடுத்து ஓரமாக வைத்துவிடுவாள். பார்க்கிறவர்களுக்கும் கமலாவைப் பிடித்துப்போயிற்று. "கமலா அக்கா இன்னும் திட்டல, அப்போ மீன் நல்லாத்தான் இருக்கு, ப்ளஸ் ஒன்" என்று எழுதத் தொடங்கினார்கள். ரபியா கடுகடுவென்று கத்தியைத் தீட்டுவாள். ஆளைக் கவிழ்க்க எடுத்த கோலை அவர்கள் ஊன்றுகோலாக்கிக்கொண்டால் என்ன செய்வது?

அந்தச் சனிக்கிழமை விடியலில் இருந்தே மழை. நவம்பர் மழைக்கு மீன் வரத்துக் குறைந்து, விலை ஏறி, சந்தையில் கூட்டம் பாதிகூட இல்லை. கையூம் தே ஹாலியா வாங்கி வந்து வைத்தார். தேநீரில் இஞ்சி காரமாக இருந்தது. ரபியா ஒரு மிடறு குடித்துவிட்டு, ஒரு வாடிக்கைக்காரிக்காகச் சங்கரா மீனைக் கீறிக்கொண்டே போனைப் பார்த்தாள். ஆஸ்மா பச்சை துடோங்கில் நின்றாள். ஒத்தைப் பெட்டியின் மூடி திறந்தது.

"இன்னிக்கு ஒன்னு வந்திருக்கு பாருங்க, நானே பாத்ததில்ல. எவ்ளோ அழகு, பாத்திக் துணியில வேலை செஞ்ச மாதிரி. சிலுவை நண்டு வகை போல. மூணே மூணுதான்."

உள்ளங்கை அளவு நண்டு. செங்கல் சிவப்பில் ஓடு. அதன்மேல் வலை பின்னினாற்போல வெள்ளைக் கோடுகள். கொடுக்கின் விரல்கள் மட்டும் மை தொட்டு எடுத்ததுபோலக் கறுப்பு.

ரபியாவின் கத்தி சங்கராவின் முதுகில் அப்படியே நின்றது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே நண்டு ஒன்று பெட்டியில் வந்தது. சாமான் இறக்க வந்த மலாய்க்காரர் ஒருவர் அதைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசாமல் ரப்பர் பூட்ஸ் காலால் மிதித்து நசுக்கினார். பிறகுதான் பேசினார். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாத விஷமாம், தின்றவனுக்கு முதலில் உதடு மரத்துப்போகும், பிறகு மூச்சு நிற்குமாம். அதற்குப்பின் பெட்டியில் நண்டு எது வந்தாலும் ரபியா ஓட்டைப் பார்க்குமுன் விரலைத்தான் பார்ப்பாள்.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம். மறைப்பானேன், சந்தோஷம்தான். உச்சந்தலையில் இருந்து பாதம்வரை ஜில்லென்று இறங்கியது. மாட்டிக்கொண்டாயா? மூவாயிரம் பேருக்கு முன்னால், வட்ட விளக்கு வெளிச்சத்தில், விஷத்தைத் தூக்கிக் காட்டுகிறாயா? காட்டு. நன்றாகக் காட்டு.

அப்போதுதான் திரையில் அந்த வரி ஏறியது. "அண்ணாதுரை பாசிர் ரிஸ்: பேத்தி சாப்பிட வர்றா. மூணும் எனக்கு."

கத்தியைக் கீழே வைத்தாள். ரபியா பிளாஸ்டிக் பையின்மேல் தட்டினாள். அவசரத்தில் எழுத்து தப்பித் தப்பி விழுந்தது. "இத விக்காத. விஷ நண்டு. கொதிக்க வச்சாலும் போகாது. யாரும் சாப்பிடாதீங்க."

ஆஸ்மா குனிந்து படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள். "கமலா அக்கா, நேத்து மீன்னு சொல்வீங்க, சரி. இன்னிக்கு வெசம்னே சொல்லிட்டீங்களா. அக்காவுக்குப் புது நண்டக் கண்டாலே வயிறு எரியுது பாருங்க." கீழே சிரிக்கிற முகங்கள் நூறு குமிழாக மேலேறின. அடுத்த மீன் வந்துவிட்டது.

லைவ் முடியட்டும் என்று காத்திருந்து ரபியா போன் செய்தாள். ஐந்து மாதமாகப் பேச்சில்லை. ஆஸ்மா எடுத்தாள், மரியாதையாகவே ஸலாம் சொன்னாள். ரபியா விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் வேன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"ராத்தா, அஞ்சு மாசம் கழிச்சு எனக்குப் பண்ற மொதல் போன் இதுதானா?" அக்காமுறைக்குச் சொல்கிற ராத்தாவை அவள் இன்னும் விட்டிருக்கவில்லை.

பொறாமையில் சொல்லவில்லை என்று ரபியா சொல்ல வந்தாள். வாய் வரவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத விஷயம் அது. ஆஸ்மா, கபீர் பாயைக் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். கபீர் உம்ராவுக்குப் போயிருந்தார், பெட்டியை அனுப்பியது அவருடைய ஆள். அது இருவருக்குமே தெரியும்.

சொல்லியாயிற்று, என் கடமை முடிந்தது என்று ரபியா மறுபடி கத்தியை எடுத்தாள். சங்கராவை வெட்டி முடித்தாள். மூன்று கிலோ மத்தியைத் தலை கிள்ளிச் சுத்தம் செய்தாள். முக்கால் மணி நேரம் போயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் அவள் மனதில் என்ன ஓடியது என்பதை அவள் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை. இனி ஆஸ்மாவின் லைவ் இருக்காது, வட்ட விளக்கு அணைந்துவிடும், பெட்டி தேக்காவுக்குத் திரும்பிவிடும், எல்லோரும் வந்து ரபியாவிடம்தான் கேட்பார்கள். இதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பார்க்க நன்றாகவே இருந்தது.

கடைசி மத்தியின் குடலை இழுக்கும்போது அண்ணாதுரை நண்டு தின்னும் விதம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு பெருநாளைக்கு வீட்டுக்கு வந்தவர், சாதத்தைத் தொடுமுன் முதல் காரியமாக ஒரு காலைப் பிய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார். அதற்குப் பிறகுதான் பேச்சே.

ரபியா கையைக் கழுவாமல் போனை எடுத்து அவரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மனிதர் போனைப் படுக்கையறையில் சார்ஜ் போட்டுவிட்டு அடுப்படியில் நிற்பவர். அவள் ஏப்ரனை அவிழ்த்தாள். கையூம், மழையில் எங்கே என்று கேட்டார். "பாசிர் ரிஸ்" என்றாள். மேலே கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

டாக்சிக்காரர் மழையோடு மழையாகக் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டார். மத்தி வாடை அப்படி. வழியெல்லாம் ரபியா அண்ணாதுரையின் எண்ணையே திரும்பத் திரும்ப அழுத்தினாள். பிளாக்கின் கீழே இறங்கி, லிஃப்டில் எட்டாவது மாடிக்கு ஏறி, கதவைத் தட்டினாள். பேத்தி ரோஷினி திறந்தாள், பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண். அடுப்பில் தண்ணீர் தளதளத்துக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவும் சிங்கில் மூன்று நண்டும் கிடந்தன. அம்மியில் மிளகு பாதி அரைபட்டிருந்தது.

"வாம்மா ரபியா. அதிசயமா இருக்கு" என்றார் அண்ணாதுரை.

"அண்ணே, அந்த நண்டத் தொடாதீங்க. விஷம்."

அவர் சிங்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஆஸ்மா சிலுவை நண்டுன்னுல்ல சொல்லுச்சு."

"சிலுவை நண்டுக்கு ஓட்டுல சிலுவை தெரியும். இதுல வெறும் வலைக்கோடு. விரல் கறுத்திருக்கு பாருங்க."

அண்ணாதுரை கரண்டியைக் கீழே வைத்தார். குரலைத் தணித்துக்கொண்டார், பேத்திக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல. "ரபியா, சொன்னா கோச்சுக்காத. உனக்கும் அந்தப் புள்ளைக்கும் ஆகலன்னு தேக்கா முழுக்கத் தெரியும். நான் அங்க வாங்குறது உனக்குப் புடிக்கலன்னும் தெரியும். முட்டி வலிக்காக வாங்குறேம்மா, உன்மேல குறை ஒன்னுமில்ல. அதுக்காக டாக்ஸி எடுத்து வந்து வெசம்னு சொல்லலாமா?"

ரபியாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் சொன்னதில் பிசகு எங்கே இருக்கிறது என்று தேடினாள், கிடைக்கவில்லை. அல்லா மேல் சத்தியம் என்றாள். ஆண்டவனை இதில் இழுக்காதே என்றார் அவர். மூடியைத் திறந்து தண்ணீரில் உப்பைப் போட்டார், இடுக்கியை எடுத்தார்.

"சரி, என்னைய நம்ப வேணாம்" என்று ரபியா பிளாஸ்டிக் பையோடு போனை அவர் முன்னால் நீட்டினாள். "கமலா என்ன எழுதியிருக்குன்னு பாருங்க."

"கமலாவா? எப்ப எழுதுச்சு? நான் ப்ளஸ் ஒன் போட்டதும் மிளகு அரைக்க வந்துட்டேன்." கண்ணாடியை எடுத்து மாட்டினார். மீன் செதில் ஒட்டிய பைக்குள் அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் நேராகப் போய் அடுப்பை அணைத்தார்.

"கமலா சொன்னா சரியாத்தான் இருக்கும். அஞ்சு மாசமாப் பாக்குறேன், அது ஒரு தடவ தப்பாச் சொன்னதில்ல. அதுக்கு யார் மேலயும் வயித்தெரிச்சல் கிடையாது பாரு, மீன மட்டும் பாக்கும்."

ரபியா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அதற்குள் ரோஷினி நண்டைப் படம் எடுத்து இணையத்தில் தேடியிருந்தாள். அவள் முகம் வெளிறியது. "தாத்தா, இட்ஸ் ட்ரூ. குக் பண்ணாலும் போகாது. சாப்பிட்டு ஆளுங்க செத்திருக்காங்க." அண்ணாதுரை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. ரபியாதான் நண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி, இரண்டு பையில் கட்டி, சிங்கை வெந்நீர் ஊற்றித் தேய்த்தாள். அம்மியில் இருந்த மிளகையும் வழித்துக் கொட்டச் சொன்னாள், எதற்கும் இருக்கட்டும் என்று.

அண்ணாதுரை ஆஸ்மாவுக்கே போன் செய்து சொன்னார். ரோஷினி அந்தப் பக்கம் உட்கார்ந்து கமலாவுக்கு நன்றி எழுதினாள். எழுதி அனுப்பிய அதே நொடியில் ரபியாவின் கைக்குள் போன் அதிர்ந்தது. யாரும் கவனிக்கவில்லை. லிஃப்ட் வரை கூட வந்த அண்ணாதுரை, "சேதியக் கொண்டு வந்து காட்டுனியே, அதுவே பெரிசும்மா" என்று சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் புக்கிட் பாஞ்சாங் வீட்டில் மக்ரிப் தொழுகை முடிந்து, ரபியா மத்தி ஆணத்தைச் சூடுபண்ணிக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கையூமிடம் சொல்லியிருந்தாள், கமலாவை மட்டும் விட்டுவிட்டு. ஆஸ்மா வழக்கமில்லாத நேரத்தில் லைவுக்கு வருகிறாள் என்று போன் சொன்னது. கையூம் தன் போனைச் சாப்பாட்டு மேசையில் நிறுத்தினார். பச்சை துடோங். கண் வீங்கியிருந்தது. விளக்கைப் போடவில்லை.

நான் தெரியாமல் விற்றுவிட்டேன் என்று ஆஸ்மா ஒளிக்காமல் சொன்னாள். மூன்றும் ஒரே வீட்டுக்குத்தான் போனது, அங்கே எல்லோரும் நலம், வேறு யாருக்கும் பயம் வேண்டாம் என்றாள். பிறகு கமலாவைப் பற்றி ஆரம்பித்தாள். கமலா அக்காவின் கண், கமலா அக்காவின் மனசு, சிரித்ததற்கு மன்னிப்பு, யாரென்றே தெரியாத ஒருத்திக்காக இப்படி அக்கறைப்பட யாருக்கு வரும் என்று மூன்று நிமிடம் பேசினாள். "ரபியா ராத்தாவும் போன் பண்ணாங்க. கோவத்துல சொல்றாங்கன்னு நெனச்சு நான்தான் கேக்கல" என்றும் சொன்னாள். அது ஒரு வரி. ரபியா எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். திரை முழுக்க இதயம் பறந்தது. கமலா அக்கா வாழ்க, கமலா அக்காவுக்கு ஒரு பெட்டி இறால் குடுங்க, கமலா அக்கா முகத்தைக் காட்டுங்க.

ரபியாவின் மூக்கு வியர்த்தது.

யார்மேல் என்று அவளுக்கே முதலில் விளங்கவில்லை. ஆஸ்மாமேல் இல்லை. அழுகிற பிள்ளைமேல் எப்படி வரும்? அந்தச் செம்பருத்திப் பூமேல்தான். டாக்சியில் போனது யார், மழையில் நனைந்தது யார், வெந்நீரில் கையைச் சுட்டுக்கொண்டது யார்? ஒரு செதில்கூடச் சுரண்டாதவள், ஐந்து மாதத்துக்கு முன்னால் ஊரிலேயே இல்லாதவள், இறால் பெட்டி வாங்கப் போகிறாளாம்.

"யாருப்பா இந்தக் கமலா" என்றார் கையூம், மெய்யான வியப்போடு. "நல்ல கைகாரி. நம்ம கடைக்குக் கெடச்சாக்கூட நல்லாருக்கும்."

ரபியா ஆணச் சட்டியை நங்கென்று இறக்கினாள். "நான்தான்."

"என்ன நீதான்?"

"நான்தான் கமலா."

கையூம் அவளைப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை, இரக்கம்தான் இருந்தது. அதுதான் அவளை இன்னும் எரித்தது. "ரபியா, போதும். ஆஸ்மா மேல பொறாமப்பட்டே, சரி, நானும் ஒன்னும் சொல்லல. முன்னப்பின்ன தெரியாத ஒரு பொம்பள ஒரு உசுரக் காப்பாத்திருக்கு. அது மேலயுமா பொறாமை?"

அவள் மீன் வாடை இன்னும் போகாத பிளாஸ்டிக் பையில் இருந்து தன் போனை உருவி, கமலாவைத் திறந்து, அவர் கையில் வைத்தாள்.

கையூம் மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனார். கண்ணு சோந்திருக்கு. தலை கறுத்திருக்கு. குராவோட தம்பிகூட இல்ல. கடையில் இருபத்தாறு வருஷமாகக் காதில் விழுந்த அதே பேச்சு. அவர் எப்படி இதைக் கேட்டும் கண்டுகொள்ளாமல் இருந்தார் என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெட்டியத் தம்பிக்குக் குடுத்தேன். அதப் பாக்குற கண்ணு இங்கயே இருந்துருச்சு. எனக்கு அது தோணலயே ரபியா."

ஐந்து மாதமாக இந்த ஒரு பேச்சுக்குத்தான் அவள் காத்திருந்தாள். கிடைத்தபோது ஆணத்தில் மிதந்த கறிவேப்பிலையைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டு நின்றாள்.

மேசையில் ஆஸ்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் கையில் இன்னொரு நண்டு இருந்தது, கையுறை போட்டுப் பிடித்திருந்தாள். "இதுவும் அதே பெட்டியில வந்ததுதான். உயிரோட இருக்கு, ஆனா வேகவச்ச மாதிரி செவப்பா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. கமலா அக்கா, இருக்கீங்களா? நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா இப்பவே எல்லாருக்கும் முன்னாடி தூக்கிப் போட்டுர்றேன். இனிமே ஒத்தைப் பெட்டியில எது வந்தாலும் நீங்க சொன்னாத்தான்."

கையூம் போனை ரபியாவிடம் நீட்டினார்.

அவள் திரையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். நீண்ட முதுகு, தவளை உட்கார்ந்தாற்போல. விரல் நுனியில் கறுப்பு இல்லை. நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆழ்கடலில் இருந்து வரும் சாமான். முதுகுச் சதை இனிப்பாக இருக்கும், அண்ணாதுரைக்காக ஒருமுறை அவளே ஒளித்துவைத்துக் கொடுத்திருக்கிறாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை தட்டினால் அது குப்பைக்குப் போகும். அடுத்த வாரம் இன்னொன்று போகும். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், மூவாயிரம் பேர் சாட்சி. கட்டைவிரல் திரைக்குமேல் சற்று நேரம் நின்றது.

பிறகு தட்டினாள். "தவளை நண்டு. இதோட நெறமே அதுதான், பயப்படாத. விரல் வெள்ளையா இருக்கு பாரு. உப்புத்தண்ணியில அவிச்சு முதுகுச் சதைய எடுக்கணும். தாராளமா வில்லு. ரபியா."

ஆஸ்மா திரைக்குக் குனிந்து சத்தமாகப் படித்தாள். "கமலா அக்கா சொல்றாங்க, தவளை நண்டாம், பயப்பட வேணாமாம், விரல் வெள்ளையா இருக்காம்..." தாராளமாக வில் என்பதுவரை படித்தவள் கடைசி வார்த்தையில் நின்றுவிட்டாள். வாயில் வந்த சிரிப்பு பாதியில் தங்கியது. நண்டு கையுறைக்குள் கால்களை அசைத்துக்கொண்டிருந்தது. கீழே வரி வரியாக ஒரே கேள்வி ஏறியது. ரபியா யாரு? ரபியா யாரு? கமலா எங்க?

ஆஸ்மா கையின் பின்பக்கத்தால் கண்ணைத் துடைத்தாள். மூவாயிரம் பேரையும் மறந்துவிட்டவளாக, நேராகப் பார்த்தாள்.

"எங்க ராத்தா" என்றாள். "தேக்காவுல இருக்காங்க. அடுத்த வாரத்துல இருந்து பெட்டி மொதல்ல அங்கதான் போகும். அவங்க பாத்து அனுப்புறத மட்டும்தான் நான் இங்க காட்டுவேன்." கொஞ்சம் நிறுத்தி, "ராத்தா, அந்தக் குராவோட தம்பி, நெசமாவே குரா இல்லதான். அன்னிக்கே எடுத்துட்டேன்" என்றாள்.

கையூம் சத்தமாகச் சிரித்தார். ரபியா சிரிக்கவில்லை. சட்டியில் இருந்து அவருக்கு இரண்டு மத்தி எடுத்துவைத்தாள், தனக்கு ஒன்று. மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடி திரையைப் பார்த்தாள். விளக்கு இல்லாமல்கூட, அழுத கண்ணோடுகூட, அந்தப் பச்சை துடோங் அந்தப் பெண்ணுக்கு எடுப்பாகத்தான் இருந்தது. அதை மட்டும் ரபியாவும் எழுதவில்லை, கமலாவும் எழுதவில்லை.